சர்ச்சா... செர்ரியா? ஃப்ரைபுர்க் சந்தையில் ஒரு ஜெர்மன் பாடம்!

செர்ரி விற்ற பாட்டியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. நான் சொல்ல நினைத்தது, 'இந்த சர்ச் ரொம்பப் பழசு.' அவர் காதில் விழுந்ததோ, 'இந்தச் செர்ரி ரொம்பப் பழசு!'

ஜெர்மனியின் தென்மேற்கில், பிளாக் ஃபாரஸ்ட் மலையடிவாரத்தில் இருக்கிறது ஃப்ரைபுர்க். அங்கே நர்ஸாக இருக்கும் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர் நடுவே ம்யூன்ஸ்டர் தேவாலயம். அதன் 116 மீட்டர் கோபுரம், 1944 குண்டுவீச்சில் சுற்றுப்புறம் தரைமட்டமானபோதும் விழாமல் நின்றது. அதைச் சுற்றித்தான் சந்தை. ஞாயிறு மட்டும் லீவு.

'கிர்ஹெ' என்றால் சர்ச். 'கிர்ஷெ' என்றால் செர்ரி. என் வாயில் வந்தது 'ஷ'!

"ஃப்ரிஷ்! ஃப்ரிஷ்!" எனப் பாட்டி படபடத்தார். 'எல்லாம் புதுசு' என்று அர்த்தம். நான் பதறிப்போய்க் கோபுரத்தைக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தவர், உதட்டை விரித்து, 'ஹி' என்று வெறும் காற்றை மட்டும் விட்டுக் காட்டினார். அதுதான் அந்த ஒலி!

தெருவோரம் ஓடும் குட்டி வாய்க்கால்களுக்கு 'பெஹ்லெ' என்று பெயர். அதிலும் அதே 'ஹ'. தெரியாமல் கால் வைத்துவிட்டால் ஃப்ரைபுர்க்காரரைத்தான் கல்யாணம் செய்துகொள்வோமாம். ஜாக்கிரதையாகத் தாண்டினேன்!

நமக்குத் தண்ணீரும் 'நிறைய', வாய்க்காலும் 'நிறைய'. அங்கே, எண்ண முடியாத தண்ணீருக்கு 'ஃபீல்'; எண்ணக்கூடிய வாய்க்கால்களுக்கு 'ஃபீலெ'. ஊர்ப் பெயரில் தொடங்கினால் வினைச்சொல் உடனே இரண்டாவது இடத்துக்கு வர வேண்டும். 'இன் ஃப்ரைபுர்க் கிப்ட் எஸ் ஃபீலெ பெஹ்லெ' என்றால், ஃப்ரைபுர்க்கில் நிறைய வாய்க்கால்கள் இருக்கின்றன. இதில் 'கிப்ட்'தான் வினை. ஆனால், காரணம் சொல்லும் 'வைல்' வந்துவிட்டால் வினை கடைசிக்குப் போய்விடும். 'வைல் டீ ஷ்டாட் ஆல்ட் இஸ்ட்'... ஊர் பழசாக இருப்பதால். அட, நம்ம தமிழ் வரிசை!

"சந்தையில சிரிச்சுட்டாங்க. வார்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள் அக்கா. 14 என்றால் 'ஃபிர்ட்ஸேன்', 40 என்றால் 'ஃபிர்ட்ஸிஹ்'. மருந்து 14 சொட்டு என்பது 40 என்று காதில் விழுந்தால்? வந்த புதிதில் ஒவ்வொரு எண்ணையும் எழுதிக் காட்டி, சரியென்று தலையாட்டிய பிறகுதான் மருந்தையே தொடுவாளாம்.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். "டீ கிர்ஹெ இஸ்ட் ஆல்ட். டீ கிர்ஷென் ஸிண்ட் ஃப்ரிஷ்!" சர்ச் பழசு, செர்ரிகள் புதுசு.

பாட்டி ஒரு கைப்பிடி செர்ரியைக் கூடுதலாக அள்ளிப் போட்டார்!