அப்பாவின் நோட்டுக்கு ஒரு பூட்டு

ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து படப்பை வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அலமாரி மேல் மினுக்கும் பச்சை விளக்கைத்தான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை கணினி. அதற்குள் இருப்பது அவருடைய அப்பாவின் விவசாய நோட்டு.

ஏரி எந்த வருஷம் நிரம்பியது, எந்த மடையில் யார் முறை, எந்த நெல் மழையில் சாய்ந்தது என்று அப்பா எழுதி வைத்திருந்தார். மகன் அதையெல்லாம் தட்டச்சு செய்து, இலவசமாக இடம் தந்த ஓர் இணையதளத்தில் போட்டிருந்தார். ஒருநாள் அந்தத் தளமே மூடப்பட்டது. முன்னறிவிப்பு, அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2009 அக்டோபர் 26-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்தும் எல்லாப் பக்கங்களும் மிஞ்சவில்லை.

அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். நோட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை மறுபடி தட்டச்சு செய்தவர், இனி வாடகை இடம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

கரண்டு செலவு ஒன்றும் பெரிதில்லை. ஐந்து வாட் என்றால் மாதம் நாலு யூனிட்டுக்குள் அடங்கும். ஐபி முகவரிதான் படுத்தியது. அவருடைய ஃபைபர் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. வெளியிலிருந்து வருகிறவருக்கு எது இவர் வீடு என்று தெரியாது. கூடுதல் பணம் கட்டித் தனி முகவரி வாங்கினார்.

வாங்கிய முதல் ராத்திரியே ஆள் வந்துவிட்டது! உள்நுழைவுப் பதிவைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று வரிசையாக யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள்.

மனைவி எட்டிப் பார்த்தார். "யாருங்க இவ்ளோ பேரு? மாமாவோட நோட்டுக்கா?"

"ஆளே இல்லம்மா. எல்லாம் புரோகிராம். ஒவ்வொரு முகவரியா தட்டிப் பார்த்துக்கிட்டே போகும்."

திறந்த வீட்டுக்குள் நாய் நுழைய விலாசம் கேட்குமா? அன்றே கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்து, சாவிக் கோப்பு உள்ள தன் லேப்டாப்புக்கு மட்டும் திறக்கும்படி மாற்றினார். படிக்க வருகிறவர்களுக்கான வாசலைத் தவிர மற்றதெல்லாம் மூடல். லெட்ஸ் என்கிரிப்ட் தந்த இலவசச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மென்பொருள் அப்டேட். கறிக்கடைக்குப் போவதற்கு முன் அது முடிந்தாக வேண்டும் என்பது மனைவியின் கண்டிஷன்.

ஆனால் திடீரென்று கரண்டு போனால் மெமரி கார்டு கெட்டுவிடலாம். பூட்டு அதற்கு என்ன செய்யும்? அதனால் இன்னொரு நகல் பென் டிரைவில், வாலாஜாபாத்தில் தங்கை வீட்டில் இருக்கிறது. பட்டா வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலேயே அதையும் போட்டு வைத்திருக்கிறார் தங்கை. மாதம் ஒருமுறை போய் அதில் புதிய நகலை ஏற்றி, திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறார். போன மாதமும் திறந்தது. கரையான் தின்றது போக, பாதி வரியில் நிற்கும் பக்கங்களும் அப்படியே இருந்தன.