சன்னலோரத்துப் பூனை

பங்கு மனையின் சன்னல்கள் நம்முடையவை அல்ல. ஐந்தாண்டோ ஆறாண்டோ கழிந்து மாற்றல் ஓலை வந்தால் பெட்டியோடு புறப்பட வேண்டியவர் நாம். தேக்குச் சட்டங்களும் இரும்புக் கம்பிகளும் அடுத்து வருபவருக்காக அங்கேயே நிற்கும். இதை நன்கறிந்திருந்தும், சென்ற ஆண்டு அச்சன்னல்களுள் ஒன்றுக்கு ஊறு செய்துவிட்டோம்.

நமது இல்லத்தில் சமையல் செய்யும் அம்மா, டெங்குக் காய்ச்சலால் 9 நாள் மருத்துவமனையில் இருந்தார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவில் கொசுவலைக்குள் படுப்பதால் மட்டும் அதனிடமிருந்து தப்ப இயலாது. எனவே சன்னல்தோறும் கண்ணாடி இழை வலையை வெல்க்ரோ பட்டையால் ஒட்டிப் பொருத்தினோம். மூன்றே வாரம். பாடகர் குழுவின் அலமாரிக்குள் பிறந்து நம்மோடு வளர்ந்துவிட்ட சாம்பல் பூனை, நமது அறைச் சன்னல் வலையின் கீழ்ப்பாதியை நார் நாராக்கியது. அது தொங்கிய பாரத்தில் பட்டை உரிந்து, பசையோடு பழைய வார்னிஷும் பெயர்ந்தது. அதை மறைக்க ஆணி அடித்தோம். உலர்ந்த தேக்கு விரல் நீளத்துக்குப் பிளந்தது. ஆணி அடித்தது நாம். சினம் பாய்ந்ததோ பூனைமேல். “இதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள்” என்று சொல்லியும் விட்டோம்.

அம்மா அசையவில்லை. “சாமி, அது வலையைக் கிழிக்கணும்னு கிழிக்கல. வலையில ஒட்டிக்கிட்டிருக்கிற பல்லியப் பிடிக்கத்தான் பாயுது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்களேன்” என்றார். நோயுற்றவர் அவர்; வலை வந்ததே அவர் பொருட்டு; பூனைக்காகப் பரிந்து பேசுபவரும் அவரே. நாம் வாயடைத்துப்போனோம்.

அன்றிரவு கவனித்தோம். நமது மேசை விளக்கு சன்னலை ஒட்டியே எரிந்தது. வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குப் பூனை. குருமடத்தில் காரணகாரியத் தொடர் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவர்தாம் நாம்! விளக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். பாய்ச்சல் பெரும்பாலும் நின்றது, கீறுவது நிற்கவில்லை. பூனைக்கு அது குறும்பன்று. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், பாதச் சுரப்பிகளின் மணத்தைப் பதித்துத் தன் இடமென்று அறிவிக்கவும் அது கீறியே ஆக வேண்டும். ஆகவே பந்தற்கால் துண்டொன்றில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, சன்னலருகே ஆடாதபடி நிறுத்தினோம். உடம்பை முழுதாக நீட்டிக் கீற 3 அடி உயரமாவது வேண்டும் போலும். முதலில் வைத்த குட்டைக் கட்டையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மீதியை ஊர்த் தச்சர் முடித்தார். ஆணியுமில்லை, பசையுமில்லை. சன்னல் குழிவின் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு ரீப்பர் சட்டம். மேலே இழை வலை, பூனைக்கு எட்டும் கீழ் 2 அடிக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை. சட்டத்தின் விளிம்பு முழுதும் மிதிவண்டி டியூபை வெட்டிச் சுற்றிய ரப்பர். குழிவுக்குள் வைத்து அழுத்தினால் இறுகி நிற்கிறது. கதவைச் சாத்தவோ வலையைக் கழுவவோ கையாலேயே எடுத்துவிடலாம்.

பிளந்த இடத்தை அவர் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். நிறம் ஒட்டவில்லை. அடுத்து வருபவர் அறியும்படி, அது நம்மால் நேர்ந்ததென்று மனையின் பொருள் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்துள்ளோம். அம்மாவோ, பூனையையும் அதில் சேர்த்துவிடச் சொல்கிறார்.