ரிட்டர்ன் லோடு

இரணியலிலிருந்து திங்கள்சந்தைக்குப் போகும் சாலையோரம் ஒரு பன்னிரண்டு சக்கர லாரி நிற்கிறது. டி.என். 34, திருச்செங்கோட்டுப் பதிவு. சிமெண்ட் இறக்கியாயிற்று; மடித்த தார்ப்பாய் கேபின் தலைமேல் கிடக்கிறது. இந்தச் சாலைக்கு அது பெரிய உடம்பு. குளச்சல் பஸ் வந்தால் கண்டக்டர் இறங்கி, விசிலடித்து, பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிவிட்டுத்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

கிளீனர் பையன் கையில் இரும்பு லிவர். ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருகிறான். காற்று சரியாக இருக்கும் டயர் ‘டங்’கென்று லிவரைத் திருப்பித் தள்ளுகிறது, குறைந்திருந்தால் ‘பொத்’தென்று அடியை வாங்கிக்கொள்ளும். பின்பக்க ஜோடி டயரில் கை ஒரு கணம் நிற்கிறது. மறுபடி தட்டுகிறான். குனிந்து பார்த்து, இரண்டு டயருக்கும் நடுவில் சிக்கியிருந்த சரளைக்கல்லை நெம்பி எடுத்து ஓடையில் வீசுகிறான். கேபினுக்குள் இளையராஜா. இவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்த பாட்டு. சரணம் முழுக்க அவன் உதட்டில் ஓடுகிறது, சத்தம்தான் இல்லை.

டிரைவர் சாயாக்கடை பெஞ்சில். ஐம்பதைத் தாண்டியவர். வலது முழங்கை மட்டும் இடதைவிடக் கறுத்திருக்கிறது, ஜன்னலோரத்து வெயில். பக்கத்தில் ஆறிப்போன சாயா, கடிக்காத ரசவடை. கண் செல்போனிலேயே இருக்கிறது.

1963இல் டேவ் டட்லி பாடிய ‘சிக்ஸ் டேஸ் ஆன் த ரோடு’ அமெரிக்க லாரிக்காரர்களின் பாட்டு என்று பேர் பெற்றது. எடை கூடிய வண்டி, எடைமேடைக்குத் தப்பும் சாமர்த்தியம், தூக்கத்தை விரட்டும் மாத்திரை எல்லாம் அதில் உண்டு. ஆறு நாள் சாலையில் கிடந்தவன், இன்று ராத்திரி வீடு சேர்ந்துவிடுவேன் என்று ஓட்டுகிறான். பாட்டின் வேகமெல்லாம் அதற்காகத்தான். லோடுக்காகக் காத்துக் கிடப்பது மட்டும் அதில் இல்லை. அந்தப் பாட்டில் வண்டி நிற்பதே இல்லை. இங்கே காலையிலிருந்து நிற்கிறது.

போன் அடிக்கிறது. பையன் எட்டிப் பாட்டைக் குறைக்கிறான்.

“சொல்லுங்க... கொச்சிங்களா? வாடகை நல்ல வாடகதானுங்க. வேண்டாமுங்க, வேற வண்டிக்குக் குடுத்துருங்க.”

சாயா ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை பாதியில் நிற்கிறது. கொச்சி இங்கிருந்து ஒரு ராத்திரி ஓட்டம். களியக்காவிளை தாண்டினால் பிறகு நேர் ரோடு. காலி வண்டியை வைத்துக்கொண்டு வந்த லோடை விடுகிற டிரைவரை அவர் அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். வாயைத் திறக்கவில்லை. புதிதாக ஒரு சாயா போட்டு பெஞ்சில் வைக்கிறார். பாட்டு மறுபடி ஏறுகிறது.

திங்கள்சந்தைப் பக்கமிருந்து மீன் ஏற்றிய மினி லாரிகள் இரண்டு ஐஸ் தண்ணீர் சொட்ட, ஹாரன் அடித்தபடி தக்கலைக்குப் பறக்கின்றன. அவற்றுக்கு நிற்க நேரமில்லை. ஐஸ் கரைந்தால் காசும் கரையும்.

இரண்டாவது போன் வரும்போது ரசவடை தீர்ந்திருந்தது. கருங்கல் பக்கம் தேங்காய். காங்கேயத்துக் கொப்பரைக் களத்துக்கு. புரோக்கர் சொல்லும் தொகை இங்கே கேட்கவில்லை. டிரைவரின் முகத்தில் தெரிகிறது.

“டீசலுக்கே பத்தாதுங்களே... டோல் இருக்குது, ஏத்துக்கூலி இருக்குது... கொஞ்சம் பாத்துப் போடுங்க.” அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசுகிறது. “சரிங்க. ஏத்திக்கறனுங்க.”

பையன் அதற்குள் கேபினில் ஏறிவிட்டான். காசு கொடுக்கும்போது கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“கொச்சிக்குப் போயிருந்தா நாலு காசு கூடக் கிட்டியிருக்கும்லா?”

“கெடச்சிருக்குமுங்க. அங்கிருந்து எந்தச் சீமைக்கு லோடுன்னு யாரு கண்டா? வெள்ளிக்கெழம தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்துங்க. மாமன் மடி இல்லாம எப்படிங்க குத்துவாங்க?”