பால்மரப் பலகையில் ஒரு பதக்கம்

பால்மரம் நம் தோட்ட மக்களுக்குச் சோறிட்ட மரம். அதன் 22 கன்றுகள் 1877 ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்திறங்கின. அம்மரத்தை நம்பியே நம் முன்னோர் பலர் கடல் கடந்து வந்து இம்மண்ணில் குடியேறினர். ஆயினும், அதன் பாலை அறிந்த அளவுக்கு அதன் பலகையை நாம் அறிந்ததில்லை. பால் வற்றிய மரங்களை வெட்டி வீழ்த்தி, அடுப்புக்கும் புகைக்கூடத்திற்கும் விறகாக்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ அதே மரம் மருந்தூட்டப்பட்டு, மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பலேறுகின்றது. எம் பள்ளியில் அது கழுத்தில் அணியும் பதக்கமாகவும் உருப்பெற்று வருகின்றது.

எம் பள்ளியில் பயின்று, இன்று தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர், சிறு செதுக்கு இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். கணினியின் கட்டளைப்படி நகர்ந்து மரத்தைச் செதுக்கும் இத்தகைய இயந்திரத்தைச் சி.என்.சி. என்பர். இதன் முன்னோடி 1952 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. துளையிட்ட காகித நாடாவே அன்று அதற்குக் கட்டளை தந்தது. எம்முடையது ஆசிரியர் மேசையின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அது செதுக்கக்கூடிய பரப்பு 30 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமுமே.

“படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு நகை செய்யும் வேலை எதற்கு, ஐயா?” என்று பெற்றோர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. விடையை அவ்வியந்திரத்தின் அருகிலேயே கண்டோம். அதன் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கின்றது. ஒவ்வோர் அடியையும் மின்னணுப் பலகை 16 கூறாக்குகின்றது. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகுத்தண்டு 4 மில்லிமீட்டர் தூரம் நகர்த்துகின்றது. அவ்வாறாயின், 1 மில்லிமீட்டர் நகர எத்தனை சிற்றடிகள் வேண்டும்? ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வெண்பலகையில் பெருக்கி வகுத்து 800 என்றனர். வாய்பாடு என்றாலே பின்வரிசைக்கு ஒதுங்கும் மாணவன் ஒருவனே முதலில் விடை பகர்ந்தான். அவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியவர்கள் அன்று வகுப்பில் இருந்திருக்க வேண்டும்!

ஒரு மரத்தில் பள்ளம் அகழ்ந்து, அதே வடிவில் வேறு நிற மரத்துண்டைப் பொருத்துவதே பதிப்பு வேலை. மைசூர்க் கைவினைஞர்கள் ஈட்டி மரத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கலை இது. நாம் தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட மெர்பாவ் துண்டுகளைக் கேட்டுப் பெற்றோம். மெர்பாவ் செம்பழுப்பு, பால்மரம் வெளிர் நிறம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாய் விரியும் பால்மர இலையையே மாணவர்கள் வடிவமாகத் தேர்ந்தனர்.

இலையின் கூர்நுனிதான் சிக்கலை உண்டாக்கியது. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள உருளை வெட்டுமுனை, கூரிய மூலைக்குள் புகாது. அங்கே அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவையே அது விட்டுச் செல்லும். ஆதலால் கூம்பு வடிவ முனையைப் பூட்டினோம். அது இலையின் நடுவே ஆழ இறங்கி, நுனியை நெருங்க நெருங்க மேலெழும்பிக் கூர்மையாய் முடிக்கும். பதிக்கும் துண்டைக் கவிழ்த்துப் பொருத்துவதால், அதனை இடம் வலமாக மாற்றி வெட்டவேண்டும். இதனை விளக்க நாம் முயன்றுகொண்டிருக்கையில், சிறுமி ஒருத்தி அலுவலகத்திற்கு ஓடிப் பள்ளி முத்திரையை எடுத்து வந்து, அதிலுள்ள எழுத்துகள் இடம் வலமாக மாறியிருப்பதைத் தோழியருக்குக் காட்டினாள். அதற்குமேல் நாம் விளக்க ஏதுமிருக்கவில்லை.

அச்சிறுமியின் பாட்டியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். பேத்தியை அழைத்துச் செல்ல வந்தவர், செதுக்கிய பலகையைக் கையிலெடுத்துப் பள்ளத்தில் நகத்தை ஓட்டினார். “இந்தப் பக்கம் ஆழமா இறங்கியிருக்கு, ஐயா. அந்தப் பக்கம் இறங்கல” என்றார். அளவுகோல் கொண்டு சரிபார்த்தோம். வேறுபாடு 0.3 மில்லிமீட்டர்! பலகை சற்றே வளைந்திருந்தது. கூம்பு முனை கூடுதலாக இறங்கிய இடத்தில் இலையும் பருத்திருந்தது. அன்று முதல், பலகையின் மேற்பரப்பை இயந்திரத்தாலேயே சமன் செய்த பின்னரே செதுக்குகின்றோம்.

தோட்டத்தில் வேலை செய்தோருக்கு இதில் வியப்பிராது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டால் மரம் புண்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். மிகவும் விலகினாலோ பால் குறையும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை மீதம் வைத்துச் சீவவேண்டும். மரத்தைப் புண்படுத்தாது பட்டையைச் சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்தார் எனப் படிக்கின்றோம். விடியுமுன், நெற்றிவிளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அதனைச் செய்து முடித்தவர்கள் நம் தாய்மார்கள். “எனக்கு என்னங்கய்யா தெரியும், மரம் வெட்டத்தான் தெரியும்” என்றார் அப்பாட்டியார். நாம் அதனை ஏற்கவில்லை. இப்பொழுது வெள்ளிக்கிழமைதோறும் பலகைகளைத் தடவிப் பார்த்து ஒப்புதல் தருபவர் அவரே. அவர் வேண்டாமென்று ஒதுக்கியதை எம் மாணவர் எவரும் பசையிடுவதில்லை.

பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர் எனில், பதிக்கும் துண்டு 1.7 மில்லிமீட்டர் வரையே இறங்கும். எஞ்சிய இடம் பசைக்கு. ஓரிரவு இறுக்கி வைத்து, மறுநாள் மேலே நிற்கும் கட்டையை அறுத்து, உப்புத்தாளால் தேய்க்கையில், செம்பழுப்பின் நடுவே வெள்ளிலைகள் மெல்லத் தெரியும். அவ்வேளையில் வகுப்பில் பேச்சொலியே எழாது. மெர்பாவ் தூளை ஈரத்துணியால் துடைத்தல் கூடாது; அதன் சாயம் வெள்ளிலையில் ஏறிவிடும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அரக்கு மெருகு பூசுகின்றோம்.

முதற் பதக்கங்களை விற்பதில்லை, பாட்டிமார்க்கே அணிவிப்பது என்பது மாணவர்கள் தாமே எடுத்த முடிவு. பெற்றுக்கொள்வோர் குளிக்கும்போது அதனைக் கழற்றி வைக்க வேண்டுகிறோம். ஈரம் பட்டால் மெர்பாவின் சாயம் வெள்ளைச் சேலையில் கறையாய் இறங்கும். மெருகு மங்கினால் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புக. மீண்டும் பூசித் தருவோம்.