மண்ணும் மதுவும் மனிதரும்

தென் பிரான்சின் லாங்டொக் பிரதேசத்தை எழுத முற்படுவோர் அதன் வெயிலையும் வைனின் சுவையையும் புகழ்வதோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். மத்தியதரைக் கடலோரச் சமவெளி, அதன் பின்னே உயரும் சுண்ணாம்புக் குன்றுகள், தைமும் றோஸ்மேரியும் மணக்கும் புதர்நிலம், வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று ஆகியன இயற்கையின் கொடைகளே. ஆயின், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிரைநிரையாக நிற்கும் முந்திரிகைக் கொடிகள் இயற்கை தந்தவை அல்ல. சந்தையின் தேவையும் உழைப்போரின் வியர்வையும் சேர்ந்து ஆக்கிய நிலத்தோற்றம் அது.

உரோமர் கி.மு. 118 இல் நார்பொன் குடியேற்றத்தை நிறுவிய காலந்தொட்டு முந்திரிகை இங்கு நன்கு அறியப்பட்ட பயிர். எனினும் கோதுமையும் ஒலிவும் அதனோடு நிலத்தைப் பகிர்ந்துகொண்டன. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகையிரதப் பாதை வந்ததும் நிலைமை மாறிற்று. வடபுல நகரங்களின் தொழிலாளருக்கு மலிவான வைன் வேண்டியிருந்தது. குன்றுச் சரிவுகளில் அருமையாகக் காய்க்கும் கொடிகளைவிட, சமவெளியில் அளவின்றிக் காய்க்கும் அராமோன் இனமே இலாபம் தந்தது. அதன் வைன் நிறத்திலும் திடத்திலும் குன்றியதாயினும், வாங்குவோர் இருந்தனர்.

ஒரே பயிரை நம்பிய நாட்டை நிலைகுலைக்க ஒரு சிறு பூச்சி போதுமானதாயிற்று. 1863 இல் கார் மாவட்டத்திலே முதலில் அவதானிக்கப்பட்ட அழிவுக்கு, வேரை உறிஞ்சும் பிலொக்செராவே காரணமென 1868 இல் பிளான்ஷோன் முதலான அறிஞர் கண்டனர். அமெரிக்க வேர்களில் ஒட்டுக் கட்டியே கொடிகள் மீட்கப்பட்டன. மறுநடுகையின் செலவோ பலரைக் கடனாளிகளாக்கியது. அதன்மேல் மிகை விளைச்சலும், அல்ஜீரிய வைனும், சீனியும் நீரும் கலந்த போலி வைனும் சேர்ந்து விலையை வீழ்த்தின.

1907 மார்ச் 11 இல் ஆர்ஜெலியே கிராமத்திலிருந்து மார்சலின் அல்பேர் தலைமையில் 87 பேர் நார்பொன் நோக்கி நடந்தனர். யூன் 9 இல் மொம்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதே மாதம் 19, 20 ஆம் திகதிகளில் நார்பொன் வீதிகளில் இராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியாயின. அச்செய்தி கேட்ட 17 ஆம் காலாட்படையினர் சிலநூற்றுவர் கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அம்மண்ணின் மைந்தர். முந்திரிகைத் தோட்டத்திலிருந்து படைக்குச் சென்றவர்கள். யூன் 29 இல் கலப்படத்துக்கெதிரான சட்டம் நிறைவேறியது. தனித்து நின்றால் வியாபாரியே விலை சொல்வான் என்பதை உணர்ந்த சிறு விவசாயிகளின் கூட்டுறவுக் களஞ்சியங்கள் பின்னர் ஊர்தோறும் எழுந்தன.

மலிவு வைனின் காலம் 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. மானியம் பெற்றுச் சமவெளிக் கொடிகளைப் பிடுங்கினர். அன்று இலாபமற்றவையென ஒதுக்கப்பட்ட சரிவுகளோ மதிப்புப் பெற்றன. போஜேர், சென் ஷினியான் ஆகியன 1982 இலும், கோர்பியேர், மினெர்வா ஆகியன 1985 இலும் பிறப்பிடப் பெயருரிமை பெற்றன. இன்று புதிய இடர் வெம்மையாக வந்துள்ளது. 2019 யூன் 28 இல் வெப்பநிலை 46 பாகை செல்சியசை எட்டியபோது கொடியிலேயே இலையும் காயும் கருகின.

பூச்சிக்கு ஒட்டு மருந்தாயிற்று; போலிக்குச் சட்டம் மருந்தாயிற்று. வெம்மைக்கு மருந்து தனியொரு கிராமத்தின் கையில் இல்லை. கிண்ணத்திலுள்ள வைனைச் சுவைப்போர், அதைத் தந்த மண் எத்தனைமுறை மனிதராற் காக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.