மாடியிலே இருக்கியா?

அப்பா கீழே, நான் மாடியில். நடுவில் 14 படிகள். அந்தப் படிகளை ஏறி இறங்கச் சோம்பல்பட்டு நான் செய்த ஒரு காரியத்தின் கதை இது.

சோம்பலைக் கேவலமாக நினைக்காதீர்கள் சார். 1991-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே வியாதி இருந்தது. காபி மெஷின் ஒரு ரூமில், குடிக்கிற சிலர் வேறு மாடியில். வேர்க்க விறுவிறுக்க வந்து பார்த்தால் ஜாடி காலி! பொறுத்துப் பார்த்தார்கள். ஜாடிக்கு எதிரே ஒரு காமிராவை வைத்து, படத்தைத் தங்கள் மேஜைக்கே வரவழைத்துவிட்டார்கள். 1993-லிருந்து இன்டர்நெட்டில் உலகமே அந்தக் காபி ஜாடியைப் பார்த்தது.

அந்தக் காபி கோஷ்டியில் இருந்த க்வென்டின் ஸ்டாஃபோர்டு ஃப்ரேசர், பிற்பாடு 'வி.என்.சி.' என்ற புரோகிராமை உருவாக்கிய கோஷ்டியிலும் இருந்தார். ஒரு கம்ப்யூட்டரின் திரையை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டரில் காட்டும் புரோகிராம் அது. இங்கே மௌஸை நகர்த்தினால் அங்கே நகரும். 1998-ல் அதை இலவசமாகவே வெளியிட்டார்கள்.

2009-ல் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் அம்மா போயிருந்தாள். அப்பா ரிடையர்டு டைப்பிஸ்ட். 33 வருஷ சர்வீஸ். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். நான் வாங்கிக் கொடுத்த விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில், டேப் ஃபாண்ட்டில் (1999-ல் தமிழக அரசு அங்கீகரித்தது) கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிப்பார். ஆனால், திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்துவிட்டால் போச்சு.

"டேய், இது என்னமோ கேக்குதுடா! கொஞ்சம் வந்து பாரு!"

இறங்குவேன். 'ஓகே' என்று இருக்கும். அமுக்கிவிட்டு ஏறுவேன். சட்டையைக் கழற்றுவதற்குள் அடுத்த "டேய்!"

வி.என்.சி.யைப் போட்டேன். முதல் நாள் மௌஸ் தானாக ஓடியதைப் பார்த்து அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் குஷி தாங்கவில்லை. நோட்பேடில் 'மாடி' என்று ஒரு ஃபைல் திறந்தோம். அவர் கீழே அடிப்பார், நான் மேலே அதே திரையில் பதில் அடிப்பேன். நான் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்க, அவர் அதை அழித்துவிட்டு ஒற்றுப் பிழை இல்லாமல் தமிழில் அடித்து வைப்பார்.

அவருக்கு ஒரு வித்தையும் சொல்லிக் கொடுத்தேன். நோட்பேடின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, 'எல்.ஓ.ஜி.' என்ற மூன்று எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால், அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் கடைசியில் தானாக விழும். ஆபீஸ் டயரி வைத்துப் பழகிய மனுஷருக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

2011-ல் எனக்கு வேறு வேலை, புது லேப்டாப். அதில் வி.என்.சி. போடவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. ஒரு தரம் சாப்பிடும்போது, "பாக்கறியாடா?" என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே, "ம், பாக்கறேம்ப்பா" என்றேன். அதோடு மறந்தும் போனேன்.

போன மாசம் அப்பா மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன். "இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்துடுச்சு. ஃபாரத்துல நம்பர் எழுதணும். கணக்குங்கிற ஃபைல்ல இருக்கு, பாத்துச் சொல்லு."

சுவிட்சைப் போட்டேன். மானிட்டர் 'டப்' என்றது, கூடவே கருகல் வாடை. என் லேப்டாப்பையும் டி.வி.யையும் பழைய கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்றால், அதன் நீலக் கலர் மானிட்டர் ஒயர் எதிலும் நுழையவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய், ஃபைல்களை ஒரு பென் டிரைவில் வாங்கி வந்து லேப்டாப்பில் திறந்தேன். தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்துக்கொண்டு ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன!

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, வெறும் எண்ணைத்தான் சேமிக்கிறது. டேப் ஃபாண்ட்டில் 'க' ஆகத் தெரிகிற எண், அந்த ஃபாண்ட் இல்லாத என் லேப்டாப்பில் வேறு எழுத்தாகத் தெரிகிறது. இப்போதைய யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. அப்பாவின் ஃபைலில் 1, 2, 3 எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் எது பாலிசி, எது காஸ் சிலிண்டர், எது கரன்ட் கனெக்‌ஷன் நம்பர் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் வி.என்.சி. ஞாபகம் வந்தது. அது எழுத்தை அனுப்பாது, திரையைப் படமாக அனுப்பும். ஃபாண்ட் அங்கே இருந்தால் போதும், இங்கே தமிழ் தெரியும்!

ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, நெட்வொர்க் ஒயரால் கம்ப்யூட்டரை ரௌட்டரோடு இணைத்தேன். ரௌட்டரின் பட்டியலில் 192.168.1.7 என்று ஒரு விலாசம் புதிதாக முளைத்தது. (நீங்களும் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து வர வழி திறக்காதீர்கள், வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.)

பாஸ்வேர்டு கேட்டது. அந்தக் கால வி.என்.சி.க்கு எட்டு எழுத்துக்கு மேல் கணக்கில் சேராது. அம்மா பெயரை அடித்தேன். அப்பாவின் திரை என் லேப்டாப்பில் திறந்தது. பாலிசி நம்பர் இரண்டு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. மூடப் போனேன். பக்கத்தில் 'மாடி'.

திறந்தேன். 2009, 2010 எல்லாம் எங்கள் அரட்டை. 2011-க்கு அப்புறம் அப்பா மட்டும்தான் இருந்தார்.

'டேய், இருக்கியா?'

'பிரிண்டர் ஓடலை. இருக்கட்டும், நானே பாத்துட்டேன்.'

'இன்னிக்கு அம்மா திதி. பாயசம் மூடி வெச்சிருக்கேன்.'

'மழை வருது. மாடியில துணி காயுது.'

'பிஸியா?'

போகப்போக வார்த்தைகள் குறைந்தன. பல இடங்களில் வெறும் தேதியும் நேரமும்தான். திறந்திருக்கிறார், என்ன எழுதுவது என்று யோசித்திருக்கிறார், எழுதாமலே சேமித்து மூடியிருக்கிறார். பதினாலு வருஷம் சார்! கடைசியாக, ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள்: 'நாளைக்கு மதுரை போறேன். மானிட்டர் கண் சிமிட்டுது. மருந்து சீட்டு உன் மேஜையில வெச்சிருக்கேன்.'

அதன் அடியில், நான் திறந்ததற்கு அடையாளமாக அன்றைய தேதி தானாக விழுந்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'இருக்கேன் பா' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, சேமித்தேன்.

அந்த சனிக்கிழமை ரிச்சி தெருவில் அலைந்து, அந்த நீல ஒயர் நுழைகிற செகண்ட் ஹாண்ட் மானிட்டர் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். குளித்தார். ரூமுக்குள் போனார். நான் மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

மௌஸ் அசைந்தது. 'மாடி' திறந்தது. என் வரியில் வந்து நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான் அடித்தது ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. அந்த இடத்தில் 'இருக்கேம்ப்பா' என்று பிழையில்லாத தமிழ் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி:

'மேல உக்காந்து எட்டிப் பாத்தது போதும். காபி போடப் போறேன். ஆறுறதுக்குள்ள இறங்கி வா.'

வி.என்.சி. படத்தைத்தான் அனுப்பும், காபியை அனுப்பாது. லேப்டாப்பை மூடிவிட்டு இறங்கினேன். 14 படிகள். பத்து செகண்டு கூட ஆகவில்லை.