கொழுந்தும் குருந்தமும்

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் நாம், இருமருங்கும் படர்ந்த தேயிலைப் பசுமையில் மனத்தைப் பறிகொடுக்கிறோம். காலடி மண்ணின் வரலாறோ அதனினும் வியப்புடையது.

ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் இம்மலைநாட்டுப் பழம்பாறைகளை உருமாற்றின. அப்போது அலுமினியமும் ஒட்சிசனும் ஒழுங்குற அடுக்கி வளர்ந்த பளிங்கே குருந்தம். மேனாட்டார் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரும் நம் தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. தூய குருந்தத்துக்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது செம்மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம்.

பின்னர் மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்தன. பெல்ஸ்பார் என்னும் கனியம் களியாக நெகிழ்ந்து தேயிலைக்கு மண்ணாயிற்று. நெகிழாத குருந்தம் ஆற்றுச் சரளையில் தங்கிற்று.

அச்சரளையை நாடிக் கெசல்கமுவ ஓயாக் கரையைச் சட்டத்துக்குப் புறம்பாக அகழ்வோர் உளர். கரைந்த மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் தருவது அதுவே. கல் ஒருவர் கைக்குச் சேரும். மண் போனாலோ, கொழுந்து பறித்து வாழும் ஊரே வாடும். மாணிக்கம் கிடைக்கும் நாட்டில் மண்ணையும் மாணிக்கமென எண்ணிக் காத்தல் நம் கடன்.